போஸ்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா?

1913 முதல் 1915 வரை கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் மதில்களுக்குள் மூன்று போஸ்கள் நடமாடினார்கள். இயற்பியல் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். அவரிடம் பாடம் கேட்ட சத்யேந்திர நாத் போஸ் எம்.எஸ்ஸி. மாணவர், கணக்கில் புலி. மூன்றாமவர் கட்டாக்கிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த சுபாஷ் சந்திர போஸ். விவேகானந்தரைப் படித்துவிட்டுத் துறவியாகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன். இன்று இந்தியாவில் பள்ளிப் பாடப் புத்தகம் படித்த எவருக்கும் மூன்று பெயர்களும் தெரியும். யார் அண்ணன், யார் தம்பி, யார் சித்தப்பா என்ற குழப்பமும் கூடவே வரும்.

அவர்களுக்குள் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. ஜகதீஷின் பூர்விகம் டாக்காவுக்கு அருகே விக்ரம்பூர் வட்டாரத்து ராரிகால், இன்றைய வங்கதேசம். சத்யேந்திராவின் குடும்பம் நதியா மாவட்டத்துப் படா ஜாகுலியா கிராமத்தைச் சேர்ந்தது. சுபாஷின் முன்னோர் கல்கத்தாவுக்குத் தெற்கே கோடாலியாவில் வாழ்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் கொள்வினை கொடுப்பினை இருந்ததாகவும் தெரியவில்லை.

நமக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. 1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பின்னர் அது பொது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆகவே நேரு குடும்பம், டாடா குடும்பம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பெயரின் கடைசிப் பகுதி ஒன்றாக இருந்தால் வீடும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று படுகிறது. வங்காளத்தில் கதையே வேறு.

அங்கே அந்தப் பெயர் போஸே அல்ல, பாசு. வடமொழி ‘வசு’ வங்க நாவில் ‘போஷு’ என்று ஒலிக்கும். அதை ஆங்கிலேயர் காலத்து எழுத்தர்கள் ‘போஸ்’ என்று எழுதினார்கள். மேற்கு வங்கத்தை 1977 முதல் 2000 வரை ஆண்ட ஜோதி பாசுவின் பெயரும் நேதாஜியின் பெயரும் ஒன்றே என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை.

பாசு, கோஷ், மித்ரா ஆகிய மூன்றும் வங்காளத்தின் எழுத்தர் சாதியான காயஸ்தர்களிடையே குலீனர், அதாவது மேல்படி எனக் கருதப்பட்ட வம்சங்களின் பெயர்கள். கிழக்கு வங்கத்தில் குஹாவும் சேர்ந்துகொள்ளும். பழைய காலத்தில் ஆதிசூரன் என்ற அரசன் கன்னோசியிலிருந்து ஐந்து பிராமணர்களை வரவழைத்தான், அவர்களோடு ஐந்து காயஸ்தர்களும் வந்தார்கள், அவர்களில் ஒருவரான தசரத பாசுவே போஸ்கள் எல்லோருக்கும் மூதாதை என்பது குலக்கதை. சரித்திர ஆசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் குடும்பங்கள் நம்பின. சுபாஷே தன் வாழ்க்கைக் குறிப்பில் தசரத போஸிலிருந்துதான் தன் வம்சாவளியைத் தொடங்குகிறார். அதே குறிப்பில் வரும் இன்னொரு முன்னோர்தான் எனக்குச் சுவையாகப் பட்டவர். வங்க சுல்தான் ஹுசைன் ஷாவிடம் நிதியமைச்சராக இருந்த கோபிநாத் போஸ் அவர். சுல்தான் அவருக்குக் கொடுத்த பட்டம் புரந்தர் கான்.

ஒரு போஸுக்கு எப்படிக் கான் பட்டம் வந்தது? காயஸ்தர்களின் பிழைப்பு எழுத்தும் கணக்கும். ஆள்பவர் யாராக இருந்தாலும் அவருடைய மொழியைக் கற்று, வரிக்கணக்கும் நிலக்கணக்கும் எழுதிக்கொடுப்பது அவர்கள் வேலை. சுல்தான்களும் முகலாயர்களும் ஆண்டபோது பாரசீகம் படித்தார்கள். கிழக்கிந்திய கம்பெனி வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். 1817-இல் கல்கத்தாவில் இந்து கல்லூரி தொடங்கியபோது பெஞ்சுகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பிராமணர், காயஸ்தர், வைத்தியர் என்ற மூன்று சாதிப் பிள்ளைகள். அந்தக் கல்லூரிதான் 1855-இல் பிரசிடென்சி கல்லூரி ஆனது. இரண்டாண்டில் கல்கத்தா பல்கலைக்கழகமும் வந்தது. கோஷ், மித்ரா, தத்தா, போஸ் என்று அடுத்த நூறாண்டுப் பட்டதாரிப் பட்டியலில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் மரபணுவில் இல்லை, அந்த வாசலில் இருக்கிறது.

இதைச் சந்தேகிப்பவர்கள் சத்யேந்திராவின் வகுப்புத் தோழர் ஒருவரைப் பார்க்கலாம். 1915-இல் கல்கத்தா பல்கலைக்கழக எம்.எஸ்ஸி. தேர்வில் சத்யேந்திர போஸ் முதலிடம். இரண்டாமிடம் மேகநாத் சாஹா. டாக்காவுக்கு அருகே சிறு மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். விடுதியில் மேல்சாதி மாணவர்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட அவரை விடவில்லை. விண்மீன்களின் நிறமாலையை வைத்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க வழிசெய்த சாஹா சமன்பாடு இன்றும் வானியல் மாணவர்களுக்குப் பாடம். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். இருவருக்கும் திறமை ஒன்றுதான். ஆனால் அவர் காலத்தில் அந்த விடுதிக்கு வந்து சேர்ந்த சாஹாக்கள் எத்தனை பேர், போஸ்கள் எத்தனை பேர்?

மதம் மாறியபோதும் பெயர் மாறவில்லை. 1883-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் இரண்டு பெண்களுக்கு முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் இவர்களே. ஒருவர் சந்திரமுகி பாசு, இன்னொருவர் காதம்பினி பாசு. இரண்டு பேரும் போஸ்! ஆனால் சந்திரமுகி வங்கக் கிறிஸ்தவக் குடும்பம், காதம்பினி சாதிக் கட்டுப்பாடுகளை ஒதுக்கிய சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பம். சந்திரமுகி தான் படித்த பெத்யூன் கல்லூரிக்கே முதல்வரானார். காதம்பினி மருத்துவம் படித்து, எடின்பரோ சென்று தகுதிச் சான்று பெற்று வந்தார். இருந்தும் போஸ் பட்டியல் எழுதுபவர்கள் காதம்பினியைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் கல்யாணத்துக்குப் பிறகு அவர் காதம்பினி கங்கூலி. குடும்பப் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால் பெண்களில் பாதிப் பேர் காணாமல் போவார்கள் என்பதை இந்தப் பட்டியல்காரர்கள் யோசிப்பதே இல்லை.

உண்மையில் சொந்தக்காரர்களான போஸ்களும் உண்டு. ஆனால் நாம் ஊகிக்கும் ஜோடிகள் அவர்கள் அல்லர்.

ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி சுவர்ணப்பிரபாவை மணந்தவர் ஆனந்த மோகன் போஸ். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ‘ராங்லர்’ தகுதி பெற்ற முதல் இந்தியர், 1898-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். ஒரே குடும்பப் பெயருக்குள் திருமணம் நடந்ததற்குக் காரணம் இரு வீட்டாரும் பிரம்ம சமாஜத்தினர் என்பது. ஆனந்த மோகனின் சகோதரர் மகன் ஹேமேந்திர மோகன் போஸ், கல்கத்தா வியாபார உலகில் எச். போஸ். குந்தலீன் என்ற தலைமுடித் தைலம் காய்ச்சி விற்றார், வாசனைத் திரவியம் செய்தார், சைக்கிள் விற்றார், இசைத்தட்டு உருளைகளில் பாட்டுப் பதிவு செய்தார். தைலத்துக்கு விளம்பரமாக ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தார். கதையில் குந்தலீன் எங்காவது வரவேண்டும், ஆனால் விளம்பரம் போலத் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. 1896-இல் பரிசு பெற்ற கதையில், கடலில் புயலில் சிக்கிய பயணி ஒருவர் தலைமுடித் தைல பாட்டிலைத் தண்ணீரில் கொட்டுகிறார், அலை அடங்குகிறது, கல்கத்தாவை நோக்கி வந்த புயல் மாயமாகிவிடுகிறது. பெயர் போடாமல் கதையை அனுப்பியவர் வேறு யாருமில்லை, ஜகதீஷ் சந்திர போஸ். வங்க மொழியின் முதல் அறிவியல் புனைகதைகளில் ஒன்று தலைக்கு எண்ணெய் விற்கப் பிறந்தது என்பதை வங்காளிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எச். போஸின் மனைவி மிருணாளினி எழுத்தாளர் உபேந்திர கிஷோர் ராயின் சகோதரி. அதாவது சத்யஜித் ராயின் தாத்தாவுக்குச் சகோதரி. மகன் நிதின் போஸ் சினிமா இயக்குநரானார். 1935-இல் அவர் நியூ தியேட்டர்ஸுக்காக எடுத்த வங்கப் படத்தில்தான் இந்தியப் படங்களில் பின்னணிப் பாட்டு தொடங்கியது என்பார்கள். தைலம், இயற்பியல், காங்கிரஸ், சினிமா என்று நான்கு துறைகளும் ஒரே திருமண வட்டத்துக்குள் அடங்குகின்றன.

இன்னொரு உண்மையான ஜோடி, ராஜசேகர போஸும் கிரீந்திரசேகர போஸும். உடன்பிறந்தவர்கள். அண்ணன் வேதியியல் படித்து வங்காள கெமிக்கல்ஸ் தொழிற்சாலையை நிர்வகித்தபடியே ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதை எழுதினார். அகராதி ஒன்றும் தொகுத்தார். தம்பி மனநல மருத்துவர். சிக்மண்ட் ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு, 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டுடைய பல கருத்துகளை அவர் ஏற்கவும் இல்லை. அதைக் கடிதத்திலேயே எழுதினார். ஃபிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை அவருடைய மேசையில் இடம்பிடித்தது.

இனி, அதிகம் குழம்பும் இருவர். இருவரும் இயற்பியலர்கள், இருவரும் போஸ், ஆசிரியர் மாணவர். ஜகதீஷ் சந்திர போஸ் செய்தது கையால் கருவி செய்து பார்க்கும் சோதனை இயற்பியல். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் மின்காந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, தூரத்தில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். அவர் உண்டாக்கிய அலைகள் மில்லிமீட்டர் அளவிலானவை. அந்த அலைவரிசையைத் தகவல்தொடர்புத் துறை உருப்படியாகப் பயன்படுத்தப் பல பத்தாண்டுகள் ஆயின. வானொலியைக் கண்டுபிடித்தவரே அவர்தான், மார்கோனி திருடிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி கொஞ்சம் மிகை. அவருக்குத் தந்தி அனுப்பும் வியாபாரத்தில் நாட்டமே இல்லை. சீக்கிரமே தாவரங்களின் பக்கம் திரும்பினார், கிரெஸ்கோகிராஃப் கருவியால் செடியின் நுண்ணிய வளர்ச்சியை அளந்தார். 1885-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தார்கள் என்று மூன்றாண்டு சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தியவர் அவர். எனக்கு மார்கோனி தகராறைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

சத்யேந்திர போஸ் தாளும் பென்சிலும் உள்ள இயற்பியலர். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பிளாங்க் விதியைப் பழைய மின்காந்தக் கொள்கையின் துணையில்லாமல் வருவித்துக் காட்டும் சிறு கட்டுரையை எழுதி, அறிமுகமே இல்லாத ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஒளித்துகள்களை ஒன்றுக்கொன்று வேறுபடுத்த முடியாதவையாக எண்ணவேண்டும் என்பதே அதன் கரு. ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார், அதை வாயு அணுக்களுக்கும் விரித்தார். இப்படி எண்ணத்தக்க துகள்களுக்கு ‘போசான்’ என்று பெயர் வைத்தவர் பால் டிராக். 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டறிந்த செய்தி வந்தபோது ‘போஸ்’ என்பதைத் தாவர போஸாக நினைத்தவர்கள் உண்டு. பெயருக்கு உரியவர் மாணவர், குரு அல்லர். சத்யேந்திராவுக்கு முனைவர் பட்டம் இருந்ததில்லை, நோபல் பரிசும் வரவில்லை. அவருடைய எண்ணும் முறையை விரித்து ஐன்ஸ்டைன் முன்கூட்டியே சொன்ன, கடுங்குளிரில் அணுக்கள் ஒன்றுபோல் ஆகிவிடும் நிலையை 1995-இல் ஆய்வகத்தில் உண்டாக்கியவர்களுக்கு 2001-இல் நோபல் கிடைத்தது.

அரசியலில் போஸ்கள் அடிக்கடி ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிட்டிருக்கிறார்கள். 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைவர் சுபாஷ். மாநாட்டுப் பந்தல்களுக்குக் கிராம வாழ்க்கையைப் படமாக வரைந்து கொடுக்கும்படி காந்தி கேட்டுக்கொண்டது சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸை. தச்சர், உழவர், முரசு அடிப்பவர், தாய் என்று அவர் தீட்டிய சுவரொட்டிகள் இன்றும் இந்திய ஓவியக் கண்காட்சிகளின் பெருமை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்குப் பக்கந்தோறும் சித்திரம் தீட்டியதும் அவரும் அவர் மாணவர்களும்தான். ஜகதீஷ் 1917-இல் தொடங்கிய போஸ் ஆய்வு நிலையத்துக்கும் அவர் வரைந்திருக்கிறார். சொந்தம் இல்லை, ஒரே ஊர்ப் படித்தவர் வட்டம்.

பதினெட்டு வயதில் 1908-இல் முசாபர்பூர் குண்டுவெடிப்புக்காகத் தூக்கிலிடப்பட்ட குதிராம் போஸும் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்த ஏழை மிட்னாப்பூர்ப் பையன். குறி வைத்தது நீதிபதி கிங்ஸ்போர்டுக்கு. இறந்தவர்கள் வேறொரு வண்டியில் வந்த தாயும் மகளும்.

ராஷ் பிகாரி போஸின் கதையைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் எழுத்தர். 1912 டிசம்பரில் டெல்லி சாந்தினி சௌக்கில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய திட்டத்தின் மூளை அவர். வேலை முடிந்ததும் ஒன்றுமறியாதவர்போல டேராடூன் திரும்பி, குண்டு வீச்சைக் கண்டித்துக் கூட்டமும் போட்டார்! 1915-இல் தாகூரின் உறவினர் என்று பொய்ப் பெயரில் ஜப்பானுக்குத் தப்பினார். டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடைக் குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை மணந்தார். 1927-இல் அந்தக் கடையின் உணவகத்தில் அறிமுகமான இந்தியக் கோழிக்கறிக் குழம்பு அவர் கைப்பக்குவம், இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை இன்னொரு போஸிடம் ஒப்படைத்தார். கொடுத்தவர் ராஷ் பிகாரி, பெற்றவர் சுபாஷ். ஜப்பானியரும் மலேயா இந்தியரும் ‘அண்ணன் தம்பியா’ என்று கேட்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

வங்காளத்துக்கு வெளியே போன போஸ்கள் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ராஜ் சந்திர போஸ் கணிதர். மத்திய இந்தியாவின் ஹோஷங்காபாத்தில் பிறந்தவர், பின்னாளில் அமெரிக்கா சென்றார். ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி என முப்பத்தாறு அதிகாரிகளை, எந்த வரிசையிலும் பத்தியிலும் பிரிவோ பதவியோ திரும்ப வராதபடி நிறுத்த முடியுமா என்பது ஆய்லர் எழுப்பிய புதிர். முடியாது, பத்து, பதினான்கு போன்ற எண்களுக்கும் முடியாது என்று 1782-இல் அவர் ஊகித்தார். ஆறுக்கு ஊகம் சரி. மற்றவை எல்லாம் தவறு என்று 1959-இல் போஸும் ஸ்ரீகண்டேயும் பார்க்கரும் நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு தன் மாணவர் ராய் சௌதுரியோடு அவர் வெளியிட்ட பிழைதிருத்தும் குறியீட்டுக்கு, பிரெஞ்சுக்காரர் ஹோக்கன்கெம் பெயரையும் சேர்த்துப் பி.சி.எச். குறியீடு என்று பெயர். டீக்கடையில் பணம் செலுத்த நாம் செல்போனைக் காட்டும் க்யூஆர் சதுரத்தின் வடிவத் தகவல் அழுக்குப் பட்டாலும் படிக்கப்படுவது அந்தக் குறியீட்டால்தான். முதல் எழுத்து பி, போஸ்.

இரண்டாமவர் அமர் போஸ், ஒலிபெருக்கிக்காரர். தந்தை நானி கோபால் போஸ் ஆங்கிலேயருக்கு எதிராக இயங்கி, 1920-இல் அமெரிக்காவுக்குத் தப்பியவர். மகன் 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்தார். சிறுவயதிலேயே ரேடியோ பழுதுபார்த்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தார். எம்.ஐ.டி.யில் படித்து அங்கேயே பல்லாண்டு பேராசிரியராக இருந்தார். 1964-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2011-இல் எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார். உலகத்தில் ‘போஸ்’ என்றதும் பெரும்பாலோருக்கு ஹெட்போன்தான் நினைவுக்கு வருகிறது. நேதாஜிக்கு இதில் வருத்தம் இருந்திருக்காது, தப்பியோடிய புரட்சிக்காரரின் மகன் செய்த பொருள்தானே.

தமிழ்நாட்டில் போஸ் வேறு விதமாக வேரூன்றியது. 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தின் முன் சுபாஷ் பேசிக்கொண்டிருந்தபோதுதான், பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்த செய்தி வந்த மாலைப் பத்திரிகையை யாரோ அவர் கையில் கொடுத்தார்கள். அதே பயணத்தில் மதுரைக்கும் வந்தார். முத்துராமலிங்கத் தேவர் அவருடைய ஃபார்வர்டு பிளாக் கட்சியைத் தென்மாவட்டங்களில் வளர்த்தார். நான்காண்டு கழித்து மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் பெருமளவில் சேர்ந்தார்கள். சுபாஷின் பேச்சுகளை அங்கே தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்.

போருக்குப் பின் மதுரை, இராமநாதபுரம் பக்கம் பிறந்த ஆண்குழந்தைகளுக்குச் சுபாஷ், சந்திரபோஸ், நேதாஜி, வெறும் போஸ் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். எண்பதுகளில் தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தவர் பெயர் சந்திரபோஸ். தெலுங்குப் பாடலாசிரியர், ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்காக 2023-இல் ஆஸ்கர் வாங்கியவர், அவரும் சந்திரபோஸ். திருப்பரங்குன்றம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் ஏ.கே. போஸ். ஆந்திர அமைச்சரவையில் ஒரு சுபாஷ் சந்திர போஸ் துணை முதல்வராக இருந்தார். பெயர் வைத்த பெற்றோருக்கு அது காயஸ்தர் குலப்பெயர் என்பது தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. கல்கத்தாக்காரர் ஒருவர் ‘ஏ.கே. போஸ்’ என்ற பெயரைப் பத்திரிகையில் பார்த்தால், அசோக் குமார் என்றோ அமல் கிருஷ்ணா என்றோ விரித்துக்கொண்டு, இவர் எந்த ஊர்ப் பாசு, மதுரைக்கு எப்போது குடிபோனார் என்று விசாரிப்பார்.